ஒற்றுமையின் பெயரால்

நீதியின்பால் பசிதாகம் கொண்டோரை நம் ஆண்டவர் பேறுபெற்றோர் வரிசையில் வைத்தார். அப்பசி நம் வேலிக்கு வெளியேயும் உண்டு என்பதை நாம் மறுத்தல் ஆகாது. உருசிய போல்ஷெவிக் கட்சிக்குள் தோன்றிய 'தொழிலாளர் எதிரணி' என்னும் இயக்கத்தின் வரலாறு அதற்கொரு சான்று, நமக்கோர் எச்சரிக்கையும்கூட.

அதன் தலைவர் அலெக்சாந்தர் ஷ்லியாப்னிகோவ் ஓர் உலோகத் தொழிலாளி. அரசுசார்ந்த திருச்சபையால் ஒடுக்கப்பட்ட 'பழைய விசுவாசிகள்' மரபில் பிறந்தவர். சமயத்தின் பெயரால் இழைக்கப்படும் கொடுமையை இளமையிலேயே அறிந்தவர் கடவுளற்ற இயக்கத்தில் நீதியைத் தேடினார் என்பது, நம்பிக்கை கொண்டோரை நாணச் செய்யும் செய்தியன்றோ!

1917 புரட்சிக்குப்பின் அவரே தொழிலாளர் துறையின் முதல் மக்கள் ஆணையரானார். ஆயினும், சில ஆண்டுகளிலேயே தொழிற்சாலைகளில் மேலிருந்து அமர்த்தப்பட்டோரின் ஆணையே ஓங்கியது. உற்பத்தியை நடத்தும் பொறுப்பைத் தொழிற்சங்கங்களிடம் ஒப்படையுங்கள் என அவரும் அலெக்சாந்திரா கொலந்தாயும் வாதாடினர். 1921 மார்ச்சில் கூடிய 10ஆம் கட்சி மாநாடு, லெனினின் முன்மொழிவை ஏற்று, ஒற்றுமையின் பெயரால் கட்சிக்குள் தனி அணிகளைத் தடைசெய்தது.

அதே நாள்களில் கிரான்ஸ்டாட் தளத்தின் கடற்படையினர், தடையற்ற தேர்தலும் பேச்சுரிமையும் கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். உறைந்த கடலைக் கடந்து அவர்களை அடக்கச் சென்ற மாநாட்டுப் பேராளருள் தொழிலாளர் எதிரணியினரும் இருந்தனர்! பிறர் குரலை நெரிக்கத் துணைபோனோரின் குரலும் நெரிக்கப்பட்டது. 1937இல், ஸ்டாலின் ஆட்சியில், ஷ்லியாப்னிகோவ் சுட்டுக்கொல்லப்பட்டார்.

தவறு எங்கே நேர்ந்தது? ஏழைக்காக எழுந்த இயக்கம், ஏழையின் வாய்ச்சொல்லைக் கேட்க அஞ்சியது. கேள்வி கேட்பவனைப் பகைவன் என்றது. மனிதனை ஒரு நோக்கத்திற்குக் கருவியாக்கும்போது, அந்நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் கறைபடிந்துவிடுகிறது.

தொடக்கத் திருச்சபையிலும் முணுமுணுப்பு எழுந்தது. தம் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்கமொழி பேசுவோர் முறையிட்டனர். திருத்தூதர்கள் அவர்களைப் பிளவுபடுத்துவோர் எனத் தள்ளிவிடவில்லை, சபையைக் கூட்டினர், நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையிடமே விட்டனர். ஒற்றுமை அங்கே அடக்குதலால் அன்று, செவிமடுத்தலால் காக்கப்பட்டது.

1991இல் சோவியத் ஆட்சி வீழ்ந்தபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியோடு ஓர் ஆன்மச் சோதனையும் நமக்கு வேண்டும். பங்குப் பேரவையில் வறியவர் ஒருவர் எழுந்து கணக்குக் கேட்டால், அமைதி காக்கச் சொல்லி அவரை அமர்த்துகிறோமா? அல்லது, அவர் குரலில் ஆவியானவர் பேசக்கூடும் என்று காத்திருக்கிறோமா? பீடத்தில் நிற்கும் நாமே இக்கேள்விக்கு முதலில் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.