கடன் கொடுத்தவர் மறந்த பின்

பெற்ற தாயை முதியோர் இல்லத்திற் சேர்த்த ஆசிரியனை எங்கள் ஊர் எளிதில் மன்னிப்பதில்லை. என் தாயாருக்கு வயது 74. ஊரார் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று கூறும் மறதிநோய் அவரைப் பற்றி ஏழாண்டுகளாகின்றன. முதல் ஐந்தாண்டுகள் அவரைப் பராமரித்தவன் நானல்லன், என் தமக்கையார். கடையொன்றிற் கணக்கெழுதிய தொழிலைக் கைவிட்டு, நள்ளிரவிற் கதவைத் திறந்து தெருவில் இறங்கும் தாயின் பின்னால் ஓடி ஓடி, ஈற்றில் அவரே நோயாளியானார். அவ்வைந்தாண்டுகளும் ‘தாயை வைத்துப் பார்க்கும் பிள்ளை’ என்ற நற்பெயர் எனக்கே கிடைத்தது. தாயாரை இல்லத்திற் சேர்த்த அன்று அது போயிற்று. போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது என்னுடைய பெயரன்று.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது எனப் பிள்ளைகளைப் பணிக்கிறது. நல்ல சட்டம். ஆயின் ‘பிள்ளைகள்’ என்ற பொதுச்சொல் வீட்டு வாசலைக் கடந்ததும் ‘மகள்’ என்றோ ‘மருமகள்’ என்றோ சுருங்கிவிடுகிறது. மறதிநோயாளருக்கு உலகெங்கும் அளிக்கப்படும் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

தமிழிற் ‘கடன்’ என்ற சொல் கடமையையும் குறிக்கும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தலையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனவே எண்ணி வளர்ந்தவர்கள் நாம். தாய் ஊட்டினாள், ஆகவே நாம் ஊட்டவேண்டும் என்பதே நாம் அறிந்த கணக்கு. கடன் கொடுத்தவரே கணக்கை மறந்துவிட்டால் என்னாகும்?

அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1906இல் விவரித்த நோய், அண்மை நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியையே பெரும்பாலும் முதலில் தாக்குகின்றது. காலையில் உண்டது என் தாயாருக்கு நினைவில்லை. புகையிலைத் தோட்டத்திற் கூலிக்கு நின்ற நாட்கள் நினைவிலுண்டு. சென்ற மாதம் என் வெள்ளைச் சட்டையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“வாத்தியார், என்ரை பெடியன் ஒழுங்காய்ப் படிக்கிறானோ?”

“ஓம், படிக்கிறான்.”

“அடிச்சுப் போடாதேங்கோ. அவன் பயந்தவன்.”

‘அடையாளம் தெரியாதவரைப் போய்ப் பார்த்து என்ன பயன்?’ என்று என்னைக் கேட்ட உறவினர், அவரை இல்லத்திற் சேர்த்ததற்காக என்னை ஏசியவரே. அவரைப் பொறுத்தவரை கடமைக்குப் பற்றுச்சீட்டு வேண்டும். அதில் ஒப்பமிட ஆளில்லையெனில் கடமையும் முடிந்தது. பிறந்த அன்று நான் யாரை அறிந்திருந்தேன்? என்னிடம் எதையும் பெற்றிராத ஒருவரே என்னைத் தூக்கினார். தேவையே அங்கு கடமையைப் பிறப்பித்தது. பழைய கணக்கு எதுவும் இருக்கவில்லை.

எனினும் இவ்வாறு வாதிட்டு நான் தப்பிவிட முடியாது. என் தாயாரைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, சோறு ஊட்டுபவர் முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு பெண். என் தாயாருக்கு அவர் எவ்விதத்திலும் கடன்பட்டவரல்லர். அவர் பெறும் மாதச் சம்பளம் என்னுடையதிற் பாதியும் வராது. ஊரில் அவருடைய தாயும் நோயாளி. பார்த்துக்கொள்பவள் அவரது மகள், பத்தாம் வகுப்பு மாணவி. என் தமக்கையாரின் தோளிலிருந்து இறக்கிய சுமை எங்கே போயிற்று என்பதை அன்றுதான் அறிந்தேன்.

1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, குழந்தையின் படிப்பு தகப்பனின் பணப்பையை மட்டும் பொறுத்ததன்று என ஒரு சமூகம் ஒப்புக்கொண்டது. கூலிக்காரியின் மகன் பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்தது அதனாலேயே. யாரென்றே நான் அறியாத எத்தனையோ பேருடைய உழைப்பு அதிற் கலந்திருக்கின்றது. குழந்தைக்கு ஒப்புக்கொண்டதை முதியவருக்கு ஏன் மறுக்கவேண்டும்? பராமரிப்பவருக்கு நியாயமான ஊதியம் தரும் பொது இல்லங்களை நாம் ஏன் கோருவதில்லை? ‘எங்கள் பண்பாட்டிற்கு அது ஒவ்வாது’ என்பார்கள். அந்தப் பண்பாட்டுக்காக இரவெல்லாம் விழித்திருப்பவர் யார் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

அப்பெண்ணின் சம்பளத்தைப் பற்றி நிர்வாகியிடம் பேசினேன். உயர்த்தினால் கட்டணமும் உயரும் என்றார். ‘உயரட்டும்’ என்று சொல்ல எனக்குச் சற்றுத் தாமதமாயிற்று; மாதக் கடைசியின் கணக்கு மனத்தில் ஓடியது. சொல்லிவிட்டேன். ஏனைய பிள்ளைகளையும் கேட்கவேண்டும் என்றார்.

புறப்படும்போது அப்பெண் வாசல்வரை வந்தார். மகள் பள்ளிக்குச் செல்லாத நாட்களின் தமிழ்ப் பாடங்களை எழுதித் தருவீர்களா என்று தயங்கிக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவதாகக் கூறினேன்.