மிச்சமும் உபரியும்

தேவைக்கு மேல் இருப்பதைச் சொல்ல நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று மிச்சம், மற்றொன்று உபரி. அகராதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். வீட்டுக்குள் அப்படியில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியின் அடியில் கிடப்பது மிச்சம். அது பெரும்பாலும் பெண்ணின் தட்டுக்கு வந்து சேர்கிறது. உபரி என்பது கணக்கேட்டுச் சொல். உபரி நிலம், உபரி நீர், உபரி உற்பத்தி என்று பேசுவோம். அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் அதிகம் இருந்ததில்லை. பெண்ணுக்கு வருவது மிச்சம், அவளிடமிருந்து போவது உபரி என்று சொன்னால் அது முழு உண்மை அல்ல. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பொய்யும் அல்ல.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது தேனால். கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கொல்லையில் மூன்று தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் அது அதிசயமில்லை. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து, மாசியிலும் பங்குனியிலும் மறுபடி தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். எங்கள் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதல்ல, இந்தத் தளிரிலிருந்து வருவது. நல்ல வருடத்தில் மூன்று பெட்டிகளிலும் சேர்த்துப் பதினெட்டு கிலோ வரை எடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு நான்கு கிலோ போதும். மீதியை என்ன செய்வது?

பொழுதுபோக்காகத் தேனீ வளர்க்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். பதில்களும் தயாராக இருக்கும். சொந்தக்காரர்களுக்குக் கொடு. பாட்டிலில் அடைத்து விற்றுவிடு. நெல்லிக்காயை ஊறப்போடு. மெழுகை உருக்கி வெடிப்புக் களிம்பு செய். எல்லாமே செய்யக்கூடியவைதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இந்தப் பதில்கள் எல்லாம் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டே தொடங்குகின்றன. மீதி என்று தீர்மானித்தது யார்?

தேனீக்களிடம் கேட்டால் மீதி என்று ஒன்று கிடையாது. ஒரு பணித்தேனீ தன் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அது சேர்ப்பதும் இன்றைக்காக அல்ல. ஆனி பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பல வாரங்களுக்கு வெளியே தீனி அரிது. அந்த நாட்களுக்கான களஞ்சியம்தான் நாம் உபரி என்று சொல்லும் தேன். 1852-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். கீழே புழு அறை, மேலே தேன் அறை. அதற்கு முன்பு தேனெடுப்பது என்றால் பெரும்பாலும் புழுவோடு சேர்த்து அடையைப் பிழிவதுதான். அந்தக் கொடுமையைப் பெட்டி நிறுத்தியது உண்மை. கூடவே இன்னொன்றையும் செய்தது. உபரிக்கென்று தனியாக ஓர் அறை கட்டிக் கொடுத்துவிட்டது. மேலறையில் இருப்பதெல்லாம் நமக்கு என்று கை தானாகவே நினைத்துக்கொள்கிறது. அந்தக் கோட்டைப் போட்டது தேனீ அல்ல.

ஐரோப்பியத் தேனீ தேனைப் பறிகொடுத்தும் பெரும்பாலும் அதே பெட்டியில் கிடக்கும். நம் இந்தியத் தேனீ அப்படியல்ல. தீனி தீர்ந்தாலும் தொந்தரவு மிகுந்தாலும் ஒரு நாள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். மறுநாள் பெட்டியைத் திறந்தால் வெறும் அடைதான் இருக்கும். அதைத் தடுக்கத்தான் சர்க்கரைப் பாகு வைக்கிறோம். தேனை எடுத்துக்கொண்டு பாகைக் கொடுப்பது உயிரைக் காப்பாற்றும், ஆனால் அது சமமான கொடுக்கல் வாங்கல் அல்ல. அதனால் பருவத்தின் கடைசி ஈடு தேனை நான் எடுப்பதில்லை. அது அவற்றின் மழைக்காலம்.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. பணித்தேனீக்கள் அத்தனையும் பெண்கள், உழைத்துச் சேர்க்கின்றன, வேறு யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே தேனீயே பெண் என்று எழுதிவிட ஆசை வரும். நான் அதைச் செய்யத் தயாரில்லை. பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்த பெயர் வேலைக்காரத் தேனீ. தேனீயைப் போலச் சுறுசுறுப்பானவள் என்று ஒரு பெண்ணைப் பாராட்டும்போது, ஓயாமல் உழைப்பதும் தனக்கென்று கேட்காததும் இயற்கையின் ஏற்பாடு என்ற எண்ணமும் அந்தப் பாராட்டோடு சேர்ந்தே வருகிறது. கூட்டுக்குள் மனிதர்கள் எப்போதும் தங்களுக்கு வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறார்கள். கூட்டின் தலைமையை அரசன் என்றே அரிஸ்டாட்டில் எழுதினார். 1609-இல் இங்கிலாந்தின் சார்லஸ் பட்லர் அதைப் பெண்ணரசு என்று தன் நூலின் தலைப்பிலேயே வைத்தார். கூட்டில் எதுவும் மாறவில்லை. பார்த்தவர்களின் காலம்தான் மாறியிருந்தது.

மார்க்ஸ் மூலதனம் முதல் தொகுதியில் தேனீயையும் கட்டடக் கலைஞரையும் ஒப்பிடுகிறார். மிகத் திறமையான தேனீயிடமும் இல்லாத ஒன்று மிக மோசமான கட்டடக் கலைஞரிடம் உண்டு, கட்டப்போவதை முதலில் மனதில் கட்டிப் பார்ப்பது என்பது அவர் வாதம். இதை நான் ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்கிறேன். முன்கூட்டி யோசிக்கத் தெரிந்தவர் நாம் என்றால், எது உபரி என்று அளக்கும் கடமையும் நம்முடையது. தேனீயிடமிருந்து நீதி கற்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறக்கும் கைக்குத்தான் நீதி வேண்டும்.

அந்தக் கையின் கணக்குக்கு வருவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒருவர் அளவுதான். இந்த 299 நிமிடத்துக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில்தான் ஒரு பெண் பெட்டியைத் திறக்கிறாள், எறும்பு ஏறாமல் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறாள், அடையில் மெழுகுப்புழு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். இதே மூன்று பெட்டிகளை ஓர் ஆண் வைத்தால் ஊர் அதைப் பக்கத்தொழில் என்கிறது. நான் வைத்தால், "உனக்கும் பொழுது போகணும்லா?" என்கிறது.

பொழுதுபோக்கு என்ற பெயர் சிறியதாகத் தெரிந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. பொழுதுபோக்கில் கிடைத்தது சம்பாத்தியம் அல்ல, ஆகவே அதற்கு விலை கேட்பது அற்பத்தனம் என்பதே அந்த முடிவு. இங்கிலாந்தின் ஈவா கிரேன் அணு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1942-இல் திருமணப் பரிசாக அவருக்கு ஒரு தேனீக் கூட்டம் கிடைத்தது. போர்க்காலத்தில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்ததால், வீட்டுக்கு இனிப்பு ஆகட்டும் என்று கொடுத்தது அது. ஏழே வருடத்தில், 1949-இல், அவர் தேனீ ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கத்தை நிறுவினார். பின்னாளில் அது உலகளாவிய அமைப்பாக வளர்ந்தது. சமையலறைக்கு என்று கொடுக்கப்பட்டதைச் சமையலறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

எல்லோரும் ஈவா கிரேன் ஆக வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பதையும் விற்பதையும் பற்றிச் சற்றுத் தெளிவாக யோசிக்கலாம்.

கொடுப்பதில் எனக்குச் சந்தோஷம் உண்டு. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இருமல் என்றால் பாட்டிலோடு போய் நிற்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. சிக்கல் வருவது கொடுத்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும்போது. "வீட்டுல சும்மா கிடைக்கிற தேன்தானே" என்று கேட்பவர்களுக்குக் கொட்டு வாங்கிய வீக்கம் தெரியாது. பாட்டில் விலையும் தெரியாது. சில மாதங்களில் தேன் உறைந்து மணல்போல் ஆனால், சீனி போட்டுக் காய்ச்சினாயா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். குளுக்கோஸ் படிவதால் நல்ல தேனும் உறையும் என்று விளக்குவதும் என் வேலையாகிவிடுகிறது.

ஒருமுறை உறவுக்காரர் ஒருவர், பிறந்த பேரனுக்குச் சேனை வைக்கத் தேன் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சு உண்டாக்கலாம். எந்தத் தேனானாலும், எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் அந்த ஆபத்து உண்டு. எனவே முதல் பிறந்தநாள் வரைக்கும் தேன் கூடாது என்று சொன்னேன். "தலைமுறை தலைமுறையா வச்சிருக்கோம், நீ பெரிய டாக்டரோ?" என்றார். ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த நிகழ்ச்சியில் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இல்லை என்று சொல்ல முடியாத ஒருத்தி கொடுப்பது கொடை ஆகாது, அது வசூல். பெறுபவரின் நன்மையைப் பார்க்காமல் கொடுப்பதும் கொடை ஆகாது. கொடுப்பவளுக்கு மறுக்கும் உரிமை இருக்கும்போதுதான் அவள் கொடுப்பதற்கு மதிப்பு.

விற்பதில் வேறொரு கேள்வி. எங்கள் பகுதியில் தேனீயை நம்பியே பிழைக்கும் குடும்பங்கள் பல. அவற்றில் பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் பெட்டி தூக்கி, தோட்டம் தோட்டமாக இடம் மாற்றி, அடை சுற்றித் தேனெடுக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தபோது அவர்கள் இழந்தது வயிற்றுப்பாட்டை. என் மூன்று பெட்டிகளும் நாளைக்குக் காலியானால் நான் இழப்பது ஒரு பிரியத்தை. இந்த இரண்டும் ஒன்றல்ல. எனக்கு லாபம் வேண்டாம் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு நான் பாதி விலைக்கு விற்றால், என் உழைப்புக்கு மட்டும் நான் சுழி போடவில்லை. அடுத்த தெருவில் அதே தேனை விற்கும் பெண்ணிடம், "அங்க அந்த விலைக்குக் கிடைக்குதே" என்று பேரம் பேச வழி செய்து கொடுக்கிறேன். சந்தை ஏற்கெனவே அவளுக்கு எதிராகத்தான் இருக்கிறது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 13 நிறுவனங்களின் தேனில் மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. சர்க்கரைப் பாகோடு போட்டியிடும் உண்மையான தேனுக்கு, என் போன்றவர்களின் இலவச உழைப்பும் இன்னொரு போட்டியாகிவிடக் கூடாது.

வீட்டு வேலைக்கும் இது பொருந்தும். மரிலின் வாரிங் 1988-இல் எழுதிய நூலில், நாடுகளின் பொருளாதாரக் கணக்கு பெண்களின் கூலியற்ற உழைப்பை எப்படி வெளியே நிறுத்துகிறது என்று காட்டினார். ஓர் இடத்தில் கணக்கில் வராத உழைப்பு, அதே வேலையைக் கூலிக்குச் செய்பவளின் கூலியையும் கீழே இழுக்கும். சமையலுக்கு ஆள் வைக்கும் வீட்டில், "நானே செஞ்சுருவேன், நேரமில்லாததாலதான்" என்று சொல்லித்தானே சம்பளம் பேசுகிறோம்? நம் வேலைக்கு நாமே போட்ட சுழி அவள் சம்பளத்தில் போய் உட்கார்கிறது.

ஆகவே உபரியைப் பங்கிடும் முன் அதை அளக்க ஒரு வரிசை வைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் தேனீயின் மழைக்காலத் தீனி. அதைத் தொடாமல் விட்ட பிறகுதான் மற்றதை எடைபோடுவேன். இரண்டாவது, எடுத்தவளின் பங்கு. மூடி சீவிய மெழுகில் ஒட்டியிருப்பதையும், கருவியைக் கழுவும்போது வழிவதையும் அல்ல, நல்ல தேனில் முதல் பாட்டிலையே எனக்கென்று அலமாரியில் வைக்கிறேன். மூன்றாவது விற்பனை. ஊரில் போகும் விலைக்கு, ஒரு ரூபாயும் குறையாமல். பாட்டிலில் எடுத்த தேதியும், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தரக் கூடாது என்ற வரியும் இருக்கும். இவற்றுக்குப் பிறகு மிஞ்சுவதுதான் கொடுப்பதற்கு. அது அதிகம் இருக்காது. போன பருவத்தில் நான்கு பாட்டில்கள்.

வரிசையில் இரண்டாவது இடத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். தனக்கு எடுத்துக்கொண்டு பிறருக்குத் தருவதா என்று கேட்கலாம். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வருடம் முழுக்கப் பெட்டியைப் பார்த்தவளின் நாக்கில் தேன் படுவதற்கு முன்பே அதற்கு உபரி என்று பெயர் வைத்தது யார்?