பூட்டும் நம்பிக்கையும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துப் பராமரிப்பு இல்லங்களில், 2007க்கும் 2014க்கும் இடையில், எட்டு முதியோரை இன்சுலின் ஏற்றிக் கொன்றவர் அவர்களைப் பராமரிக்கவென்றே அமர்த்தப்பட்ட தாதி ஒருவர். 2016இல் அவராகவே ஒப்புக்கொண்டிராவிடில் எதுவுமே வெளிவந்திராது என்று, நீதிபதி ஐலீன் கில்லீஸ் நடத்திய விசாரணை 2019இல் முடிவு கூறிற்று. மருந்தை எண்ணிக் கொடுக்கும் தானியங்கி அலுமாரி போன்ற பாதுகாப்புகளுக்காக, இல்லத்தின் பருமனுக்கேற்ப 50,000 முதல் 200,000 டொலர் வரை அரசு வழங்கவேண்டுமெனவும் பரிந்துரைத்தது.

சேவை செய்வோரைச் சந்தேகிப்பதா எனச் சிலர் வருந்தலாம். கோயிற் காணிக்கையை இருவர் சேர்ந்தே எண்ணுகிறோம். அதனால் எவரையும் கள்வரென்று கருதுவதில்லையே! கணக்கு இருந்தால் நேர்மையான தாதியும் வீண்பழிக்குத் தப்புவார். அரசு கொடுப்பதும் தருமமன்று. வாழ்நாளெல்லாம் வரி செலுத்தியோருக்குரிய நீதி.

எம்மை உறுத்துவது வேறொன்று. போதைதரும் மருந்துகள் அங்கே பூட்டி எண்ணப்பட்டன. இன்சுலினுக்கு அத்தகைய கணக்கு இருக்கவில்லை. இறந்தவர்களோ வயது போனவர்கள். ஆகவே அம்மரணங்கள் இயற்கையானவை என்றே கொள்ளப்பட்டன. குறைந்த குப்பியை அலுமாரி காட்டிக்கொடுக்கும். நேற்றுவரை நன்றாயிருந்தவர் ஏன் திடீரென இறந்தார் என்று அது கேளாது. அதைக் கேட்பதற்குப் போதிய தாதியரும், அவர்களுக்குக் கட்டிலருகே நிற்க நேரமும் வேண்டும். அவ்வில்லங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கும் பங்கு வேண்டும்.