உதிர்ந்த சருகும் இல்லறத்தார் விரதமும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் திங்களில் மேப்பிள், ஓக் மரங்கள் இலையுதிர்க்கின்றன. நம் குடும்பங்களிலிருந்து அங்குச் சென்று வாழ்வோரும், ஊர் வழக்கப்படி, அச்சருகினை வாரிப் பைகளிற் கட்டித் தெருவோரம் வைக்கின்றனர். இதில் ஹிம்சை உண்டோ என வினவுவது மிகையாகத் தோன்றலாம்.

ஆயின் அச்சருகினுள் இருப்பன யாவை? லூனா என்னும் பசிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு இலையையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. அங்குள்ள காட்டுத் தவளையொன்று சருகின்கீழ் உடல் உறைந்து, இதயத் துடிப்பும் நின்று, இளவேனிலில் உறைநீங்கி எழுகிறது. பம்பிள் தேனீக் கூட்டத்தில் குளிரைக் கடந்து வாழ்வது இளம் இராணி மட்டுமே. அது மண்ணுள் உறங்க, மேலுள்ள சருகு குளிரைத் தடுக்கிறது. பையிற் கட்டப்படுவது குப்பை மட்டுமன்று.

சமைத்தல், பெருக்குதல் முதலியவற்றில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. இல்லறத்தார் அதனை முற்றும் விலக்க இயலாது. இதனைக் கேட்டவுடன் நம்மிற் பலர் அமைதியடைந்து விடுகிறோம். அனர்த்ததண்ட விரதம் என ஒன்றிருப்பதை மறந்துவிடுகிறோம். பயனின்றி மண்ணை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடியை அறுத்தல் ஆகியவற்றை இரத்தினகரண்டகம் பிரமாதசரியை என விலக்குகிறது. நடைபாதையைப் பெருக்குதல் தேவையே. ஈரச்சருகில் முதியோர் வழுக்கி விழுவர். மரத்தடியையும் வேலியோரத்தையும் துடைத்தெடுப்பதற்கு, அண்டை வீட்டார் என்ன நினைப்பரோ என்னும் கூச்சமன்றி வேறு பயன் யாது?

சருகில் தங்கும் புழுக்களைப் பறவைகள் தின்னுமே, அப்பாவம் விட்டுவைத்தவர்க்கு இல்லையா என்பர் சிலர். எளிதில் தள்ளத்தக்க வினா அன்று இது. பறவையின் உணவை ஆளும் பொறுப்பு நமக்கில்லை. நம் மன, மொழி, மெய்களின் அசட்டையே நம்மைச் சாரும் என்பது நம் துணிபு.

கொல்லும் எண்ணமின்றியும் ஓர் இனம் அழியக்கூடும். ஸெர்சீஸ் நீலம் என்னும் வண்ணத்துப்பூச்சி சான்பிரான்சிஸ்கோவின் மணற்குன்றுகளில் வாழ்ந்தது. அதனை ஒழிக்க எவரும் கருதியதில்லை; நகரம் பரந்தது, குன்றுகள் மறைந்தன. 1940களின் தொடக்கத்திற்குப் பின் அது காணப்படவில்லை. அதன் பெயரால் 1971இல் தோன்றிய ஸெர்சீஸ் சங்கம் சருகை விட்டுவைக்குமாறு இல்லந்தோறும் வேண்டி வருகிறது.

அங்குள்ள நம் மக்களுக்கு மடல் எழுதுவோர் இதனையும் ஒரு வரி சேர்க்கலாம். புல்தரையில் தடித்துக் கிடப்பதை, காற்றூதும் இயந்திரத்தால் அன்றி, கையால் மெல்ல மரத்தடிக்கு ஒதுக்கினால் போதும். இளவேனிலின் வெம்மை நிலைத்த பின்னரே அதனைக் கிளற வேண்டும்.