நற்காட்சியில் தொடங்கும் நல்லுணவு



புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு நாம் பிள்ளைகளுடன் யாத்திரை செல்கிறோம். ஏழடிப்பட்டத்தில் துறவோர் கிடந்து தவம் செய்த 17 கற்படுக்கைகளைக் கண்டு கைகூப்புகிறோம். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த அறிவர் கோயிலில், விதானத்துத் தாமரைத் தடாகத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். ஆனால் குன்றை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் கேட்பது என்ன? பளபளக்கும் பொட்டலத்தில் அடைத்த வறுவலும் வண்ணக் குளிர்பானமுமே. கிழங்கு விலக்கிய இல்லத்துப் பிள்ளையும் உருளைக்கிழங்கு வறுவலைக் கையில் ஏந்தி நிற்கின்றது. இதனைச் சிறு செய்தியென்று தள்ளிவிடலாகாது.

பொட்டலத்தின்மேல் பச்சைக் குறி இருப்பதைக் கண்டு நாம் அமைதியுறுகிறோம். அக்குறி புலால் இல்லை என்பதை மட்டுமே கூறும். சர்க்கரையின் அளவையோ உப்பின் அளவையோ கூறாது. ஒரு நாள் உணவால் பெறும் ஆற்றலில், சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிற உயிர்க்கு இரங்கும் நாம், நம் மடியில் வளரும் உயிரின் உடல் நலத்திற்கும் இரங்க வேண்டாமா?

விலக்கினால் மட்டும் பிள்ளைகள் திருந்துவரோ? வீட்டில் அஞ்சி மறுப்பதைப் பள்ளி வாயிலில் ஒளித்து உண்பர். நம் ஆசாரியர்கள் மும்மணிகளை வைத்த முறையை எண்ணிப் பாருங்கள். முதலில் நற்காட்சி, அடுத்து நன்ஞானம், அதன்பின் நல்லொழுக்கம். நாமோ முதலிரண்டையும் தாண்டி, ஒழுக்கத்தை மட்டும் பிள்ளைகளின்மேல் சுமத்துகிறோம்.

காட்சி என்பது பெற்றோரின் தட்டிலிருந்து தொடங்குவது. தந்தை இரவு பத்து மணிக்கு உண்டுகொண்டே, மகனுக்கு இரவுண்ணாமையைப் போதித்தல் பயன்தராது. நம் திகம்பர முனிவர்கள் நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கையிலேந்திய ஒவ்வொரு கவளத்தையும் நோக்கி ஆய்ந்தே உண்கின்றனர். நம் பிள்ளைகளோ கைப்பேசித் திரையை நோக்கியவாறு, உண்பது இன்னதென்றும் அறியாமல் விழுங்குகின்றனர். உண்ணும்பொழுது கைப்பேசியை வேறிடத்தில் வைப்பதும் ஒரு நோன்பே. அதனை முதலில் பெரியோர் ஏற்க வேண்டும்.

ஞானம் என்பது காரணம் கூறுதல். நீரை ஏன் வடிகட்டுகிறோம், தேனை ஏன் விலக்குகிறோம் என்று கேட்கும் பிள்ளையை அதட்டாமல் விடை கூறுங்கள். தானியம் புடைக்கையில் சிற்றுயிர் உளதா என்று பார்க்கும் பணியை அதனிடமே ஒப்படையுங்கள். தன் கையால் ஆய்ந்த கீரையைப் பிள்ளை எளிதில் ஒதுக்காது.

இனி ஒழுக்கம். மாலை நான்கரை மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைக்குப் பொட்டலத்தைத் தந்தால் ஆறு மணிக்குச் சோறு இறங்காது, ஒன்பது மணிக்குப் பசிக்கும், இரவுண்ணாமை குலையும். பள்ளியினின்று வந்தவுடன் முழு உணவையே தருவோமாயின், தனிப்பயிற்சி வகுப்பும் கெடாது, விரதமும் நிலைக்கும். வரகும் சாமையும் நம் முன்னோர் உண்டவையே. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் அவற்றின் சிறப்பு நோக்கியே. வடகாட்டுப் பலாச்சுளையும், வேர்க்கடலை உருண்டையும், எள்ளுருண்டையும் இருக்கப் பொட்டலம் எதற்கு?

ஒன்றை மறத்தலாகாது. குறைவாக உண்ணும் தவத்தை வளரும் பிள்ளைகளின்மேல் ஏற்றுதல் முறையன்று. பதினாறு பாவனைகளுள் தவமும் தியாகமும் 'சக்திக்கு ஏற்ப' என்றே கூறப்பட்டுள்ளன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். காய்கறி உணவினராகிய நாம் இதில் பெரிதும் கருத்தூன்ற வேண்டும். கீரை, பயறு, எள் ஆகியவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அது தடைப்படும். பாலும் தயிரும் நாள்தோறும் வேண்டும். பிள்ளை சோர்ந்து வெளிறியிருப்பின் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

சமணச் சான்றோராகிய காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். உடலுக்கு மருந்து போல உயிருக்கு அறம் என்பது அவர்தம் கருத்து. நம் அடுக்களையில் அவ்விரண்டும் ஒருங்கே விளைய இயலும். வருகின்ற அட்டமியன்று ஒவ்வோர் இல்லத்திலும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து, கதிரவன் மறையுமுன், கைப்பேசியின்றி, ஒருவேளை உண்போமாக. அதுவே தொடக்கமாகட்டும்.

அறம் வளர்க! அருகன் திருவடி போற்றி!