சிறுவாடும் பதுக்கலும்

புதுச்சேரியின் தவளக்குப்பம் நாற்சந்தியில் கடலூர் சாலை நேராக ஓடுகிறது. கிழக்கே திரும்பினால் நல்லவாடு கடற்கரை, மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம் பக்கத்து வயல்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மழை விடுவதற்குள் அணைகள் திறக்கப்பட்டு, சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தது. இப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லையென்றால் ஏடிஎம் இல்லை, செல்போன் டவர் ஓய்ந்துவிட்டால் கூகுள் பே இல்லை. மளிகைக் கடைக்காரர் கதவைப் பாதி திறந்து வைத்து வியாபாரம் செய்தாலும், நீட்டுகிற 500 ரூபாய்க்குச் சில்லறை கொடுக்க அவர் கல்லாவில் ஒன்றும் இருக்காது. எந்த வங்கியும் திவாலாகவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் அங்குள்ள வீடுகளுக்கு வங்கி கிடையாது.

அதனால்தான் வீட்டில் கொஞ்சம் ரொக்கமும் அரிசி பருப்பும் ஒதுக்கி வைக்கலாமா என்ற கேள்வி புதுச்சேரி கிராமத்தில் வெறும் கணக்குக் கேள்வியாக நிற்பதில்லை. அப்படி வைப்பதை ஒருவர் முன்யோசனை என்பார், இன்னொருவர் பதுக்கல் என்பார். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது?

வங்கி முடங்கும் என்ற பயம் வீண் பயம் இல்லை. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, தமிழ்நாட்டு வியாபாரிகள் மூன்று தலைமுறையாக நம்பிய வங்கி. வாராக் கடன் ஏறி ஏறி, 2020 நவம்பர் 17 மாலை அதன்மேல் தடை விழுந்தது. ஒரு கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்து நாளில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்கள் தப்பினார்கள், பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாவும் மிஞ்சவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் முதலில் அறிவித்த வரம்பு வெறும் 1,000 ரூபாய். இன்று ஒரு வங்கியில் ஒருவருடைய டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வங்கி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் அந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று 2021-ல் சட்டமும் திருத்தப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். சாதாரணக் குடும்பத்தின் பணம் பெரும்பாலும் தொலைந்து போகாது, தாமதமாகும். வயிறோ 90 நாள் காத்திருக்காது. வீட்டுக் கையிருப்பின் நியாயம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அது சொத்தைக் காப்பதற்கு அல்ல, நாட்களைக் கடப்பதற்கு.

இந்த நியாயத்துக்கு ஓர் அளவும் உண்டு. வங்கி பூட்டிய பெட்டி இல்லை. அதில் போட்ட பணத்தின் பெரும்பகுதி பாகூரில் ஒருவருக்குப் பயிர்க்கடனாகவும், வில்லியனூரில் ஒருவருக்கு வீட்டுக் கடனாகவும் போய்ச் சேர்கிறது. இரண்டு மாதச் செலவைப் பீரோவில் வைப்பவர் அந்த ஓட்டத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டுகொள்கிறார். மொத்தச் சேமிப்பையும் மெத்தைக்கு அடியில் திணிப்பவர் மடையையே அடைக்கிறார். 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, ஊர்க்காரர்கள் பணத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே தங்களுக்கென்று ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். அந்த இந்தியன் வங்கிதான் இன்று புதுச்சேரியின் முன்னோடி வங்கி.

ரொக்கமும் அப்படியொன்றும் சாகாவரம் பெற்றதில்லை. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு வந்த அறிவிப்பில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் அவை 86 விழுக்காடு. அன்று அதிகம் அடிபட்டது பெண்களின் சிறுவாட்டுப் பணம். அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டிக்கு அடியில், மடித்த பட்டுப்புடவையின் உள்மடிப்பில் நூறும் ஐம்பதுமாகச் சேர்ந்து, பிறகு ஒற்றை 500 ரூபாய் நோட்டாக மாறியிருந்த பணம். குடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் மகளின் காலேஜ் பீஸுக்கு வைத்ததும் அதில் உண்டு, உடம்பு முடியாமல் போனால் யாரிடமும் கையேந்தக்கூடாது என்று வைத்ததும் உண்டு. இரண்டரை லட்சம் வரை இல்லத்தரசிகள் கணக்கில் போட்டால் கேள்வி வராது என்று அரசு சொன்னது. வருமான வரிக்காரர் கேட்க மாட்டார், சரி. வீட்டுக்காரர் கேட்பாரே? அந்தப் பெண்களுக்குச் சிறுவாடு பணம் மட்டும் இல்லை, வீட்டுக்குள் அவர்களுக்கு இருந்த ஒரே தனி இடம் அது. அதைக் கறுப்புப் பணத்தோடு ஒரே மூட்டையில் கட்டியது அநியாயம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. வீட்டு ரொக்கத்தை மொத்தமாகப் பழிப்பவர்கள் இந்தப் பெண்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அளவு ஒருபுறம் இருக்கட்டும், காலம் அதைவிடப் பெரியது. இதைச் சொல்லித்தர நல்லவாடு பக்கத்திலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர், சுனாமிச் செய்தி கேட்டு ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. ஊர் மேட்டுக்கு ஓடித் தப்பியது. முதலில் தெரிந்தவர் தெரிந்ததை எல்லோருக்கும் கத்திச் சொன்னதால் பிழைத்த ஊர் அது.

வங்கி விஷயத்தில் இந்த அறம் அப்படியே பொருந்துவதில்லை என்பதுதான் சங்கடம். அலை யாரும் கத்தியதால் வருவதில்லை. வங்கியோ கத்தினாலே விழும். 2003 ஏப்ரலில் குஜராத்தில் ஐசிஐசிஐ வங்கியைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பி, ஏடிஎம் வாசல்களில் கூட்டம் கூடியது. பணத்துக்குக் குறைவில்லை என்று ரிசர்வ் வங்கியே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வரிசையில் முந்தி நின்று துடைத்து எடுப்பவர் தன் பணத்தைத்தான் எடுக்கிறார், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அவர் எடுத்த வேகமே பின்னால் நிற்பவரின் பயத்தை நிஜமாக்குகிறது. ஊமையாகப் போய் எடுத்து வருவதும் குற்ற உணர்வைத் தரும், ஊருக்குச் சொன்னால் ஊரே கெடும். இந்தச் சிக்கலில் சிக்காமல் இருக்க ஒரே வழி, சிக்கல் வருவதற்கு முன்பே, யாருக்கும் முட்டுப்பாடு இல்லாத நாளில் வேண்டியதை எடுத்து வைத்துவிடுவது. ஆடியில் வாங்கி வைத்த பத்து கிலோ அரிசி யார் வீட்டு உலையையும் அணைப்பதில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு அதே பத்து கிலோவைக் கடையின் கடைசி மூட்டையிலிருந்து அள்ளினால், அன்றைக்கு அது பதுக்கல். அரிசியும் ஆளும் மாறவில்லை, நாள்தான் மாறியது.

ஆடியில் வாங்கி வைக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? தினக்கூலி வீட்டில் அன்றாடம் காய்ச்சுவதே பாடு. புதுச்சேரியில் இது இன்னும் கூர்மையான கேள்வி. 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதிலாகக் கணக்கில் பணம் போடும் திட்டம் இங்கே வந்தது. பின்னர் ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தன. அத்தனை காலமும் ஏழை வீட்டு அரிசி வங்கிக்குள் இருந்தது. அப்போது வங்கி ஒருநாள் நின்றிருந்தால் மற்றவர்களுக்குப் பணம் வந்திருக்காது, அவர்களுக்குச் சோறு வந்திருக்காது. ஃபெஞ்சலுக்குப் பிறகு அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணமும் வெள்ளம் வடிந்த பிறகு உதவும் பணமே தவிர, இடுப்பளவு தண்ணீரில் நின்ற அன்று இரவுக்கு உதவாது.

அன்று இரவு உதவுவது பக்கத்து வீட்டு டிரம். வேப்பிலை காயவைத்துப் போட்டு, வண்டு வராமல் மூடி வைத்த டிரம். "அக்கா, ரெண்டு படி அரிசி கைமாத்தா குடு. பணம் அக்கவுண்டுல கெடக்கு, எடுக்க முடியல" என்று தூக்குவாளியோடு வாசலில் வந்து நிற்பவளுக்கு அதில் பங்கு உண்டா? சட்டம் இல்லை என்றுதான் சொல்லும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த தெருவில் நாலு மாதம் முன்பே வாங்கி வைக்க வசதி இருந்தது என்பதே ஒரு கடன் என்று ஊர் நினைக்கிறது, ஊர் நினைப்பதுதான் சரி. ஆகவே கணக்குப் போடும்போதே வீட்டில் நாலு பேர் என்றால் ஆறு பேருக்கு அரிசி வாங்கலாம். ரொக்கத்தை 500 ரூபாய்க் கட்டாக வைக்காமல் பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றி வைத்தால், மளிகைக் கடைக்காரருக்கும் கொஞ்சம் சில்லறை கொடுக்கலாம். அவர் கல்லாவில் சில்லறை இருந்தால், அடுத்து வருகிறவர் கையில் 500 ரூபாயை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.