சந்தேகம் குடிபுகுந்த அரண்மனை

 

தைப்பிங் என்ற பெயருக்கு நித்திய சாந்தி என்று பொருள் சொல்வார்கள். சரக்கு விஷயமாக அங்கே போய்வரும் நாம், அந்தச் சாந்திக்கு ஒரு நாடு கொடுத்த விலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்பகுதிக்கு அன்று லாரூட் என்று பெயர். பேராக் சுல்தானுக்கு உட்பட்டு மந்திரி ஙா இப்ராஹீம் அதை நிர்வகித்தார். அங்கே தோண்டிய வெள்ளீயம் நமது பினாங்கு வழியாகவே கப்பலேறிற்று. அரிசியும் முதலும் இங்கிருந்தே போயின. 1861 முதல் கீ ஹின், ஹை சான் என்ற இரு சீனக் கூட்டத்தார் சுரங்கங்களுக்காகப் போரிட்டனர். அதை அடக்க அரசாங்கத்தால் முடியவில்லை. காரணம் என்ன? ஆண்டவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை!

1871-ல் சுல்தான் அலி காலமானார். பட்டத்துக்கு அடுத்தவரான ராஜா மூடா அப்துல்லா, ஜனாஸாவுக்கே வரவில்லை. ஆற்றின் மேற்புறம் போக அஞ்சினார் என்பர். வந்திருந்த பிரதானிகள் பெண்டஹாரா இஸ்மாயிலைச் சுல்தானாக்கிவிட்டனர். அப்துல்லா கீ ஹின் கூட்டத்தாருடன் சேர்ந்தார். மந்திரியோ கை ஓங்கிய பக்கம் சாய்ந்தார், பிறகு மாறினார்.

சகோதரனை நம்பாதவர்கள் அந்நியனை நம்பினார்கள். மந்திரி, பினாங்குப் போலீஸ் அதிகாரியாயிருந்த ஸ்பீடியை அமர்த்தி, இந்தியச் சிப்பாய்களை வரவழைத்தார். அப்துல்லா ஆங்கிலக் கவர்னருக்குக் கடிதம் எழுதினார். 1874 ஜனவரி 20-ல் பங்கோரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இஸ்மாயில் அங்கே வரவில்லை. அரச சின்னங்களையும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்துல்லாவுக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் மார்க்கமும் மலாய் வழக்கமும் நீங்கலாக, மற்றெல்லாவற்றிலும் ஆங்கில ரெஸிடெண்டின் யோசனையைக் கேட்டே நடக்கவேண்டும் என்பது நிபந்தனை!

மறு ஆண்டே ரெஸிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டார். 1877-ல் அப்துல்லாவும் மந்திரியும் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். இஸ்மாயிலும் ஜொகூருக்கு அனுப்பப்பட்டார். பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவருக்கும் பட்டம் நிலைக்கவில்லை.

சகோதரர்களே! பிணங்கிக்கொண்டால் நெஞ்சுரம் குன்றும், வலிமை போய்விடும் என்று அன்ஃபால் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். வீண் சந்தேகங்களை விலக்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். இவை சுல்தான்களுக்கு மட்டும் இறங்கியவையா?

கூட்டுக் கடையில் ஒரு பங்காளி மற்றவர் மேல் ஐயங்கொண்டு, அவரிடம் கேளாமல் வக்கீலிடம் ஓடுகிறார். மற்றவரும் ஓடுகிறார். முடிவில் கடைச் சாவி யார் கையில் இருக்கிறது? சங்கத்திலும் இதே கதைதான். நம் நிர்வாகிகள் ஒருவர் கூட்டிய கூட்டத்துக்கு மற்றவர் வராதிருப்பது, அப்துல்லா ஜனாஸாவுக்கு வராத கதையல்லவா?

ஐயம் எழுந்தால் பேரேட்டை நடுவில் வையுங்கள். முகம் பார்த்துக் கேளுங்கள். தப்பிருந்தால் திருத்துங்கள், இல்லையேல் ஸலாம் சொல்லிக் கைகொடுங்கள். இந்த வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், பேசாதிருக்கும் சகோதரரிடம் நீங்களே முதலில் போங்கள்.

நம் உள்ளங்களை அல்லாஹ் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.